மெதுவாக அசைவோம்: தாய்ச்சிப் பயிற்சி பற்றி ஒரு பாடம்

இடம்பெயர்ந்த ஒரு கமக்காரக் குடும்பத்தின் இழப்பைக் கணக்கெடுக்கும்போது காணி, வீடு, கிணறு, மாடு, விதைநெல், நீரிறைக்கும் இயந்திரம் என்று பட்டியல் நீண்டு செல்லும். நட்டஈட்டுப் படிவங்களிலும் இவைதாம் இடம்பெறும். எந்தப் படிவத்திலும் நிரப்பப்படாத இழப்பு ஒன்று உண்டு. அதுதான் உடம்பின் ஒழுங்கு.

வயலோடு வாழ்ந்தவரின் உடம்புக்கு ஒரு நேரசூசி இருந்தது. விடியமுன் எழும்பித் தண்ணீர் கட்டினார். வெயில் ஏறமுன் மண்வெட்டியை வைத்தார். மத்தியானம் மரநிழலில் சாய்ந்தார். பின்னேரம் மாட்டைப் பார்த்தார். இருட்டியதும் களைப்பே அவரை உறங்க வைத்தது. இடம்பெயர்ந்த பின் இந்த ஒழுங்கு குலைந்து போகிறது. கூலிவேலை கிடைக்கும் நாளில் உடம்பு முறிகிறது. கிடைக்காத நாளில் கதிரையே கதியாகிறது. பகலில் அசைவில்லை, இரவில் உறக்கமில்லை. நாரிப்பிடிப்பு, தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, கைகால் விறைப்பு என்று ஒவ்வொன்றாக வருகின்றன. அற்ப விடயத்துக்குப் பிள்ளைக்கு அடி விழுகிறது. சிலர் கசிப்பில் உறக்கத்தைத் தேடுகிறார்கள்.

போர் 2009 மே மாதத்தில் முடிவுற்றது. மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. ஆயினும் சொந்தக் காணிக்குத் திரும்பாத குடும்பங்கள் இன்னும் எம்மிடையே உள்ளன. திரும்பியவர்களிலும் பலருக்கு உறக்கமும் உடற்சுகமும் இன்னும் திரும்பவில்லை. ஆகவே இவ்விதழில், செலவில்லாமல், கருவிகள் இல்லாமல், இரண்டு பாய் விரிக்கும் இடத்தில் செய்யக்கூடிய ஒரு பயிற்சியைப் பாடமாக எடுத்துக்கொள்கின்றோம். சீன நாட்டுக் கமக்காரக் குடும்பம் ஒன்றிலிருந்து உலகெங்கும் பரவிய தாய்ச்சி என்னும் பயிற்சியே அது.

கமக்காரரின் கலை

தாய்ச்சியின் முழுப் பெயர் தாய்ச்சி சுவான். சுவான் என்றால் முட்டி, அதாவது கைச்சண்டை. தாய்ச்சி என்பது எதிர் எதிரான இரண்டும் பிரியாமல் ஒன்றில் ஒன்று அடங்கியிருக்கும் முழுமையைக் குறிக்கும் சொல். அசைவும் ஓய்வும், பலமும் மென்மையும், நிறைவும் வெறுமையும் ஒன்றையொன்று தொடர்ந்து வருவதே இக்கலையின் அடிப்படை.

சீனாவின் ஹெனான் மாகாணத்தில் வென் என்னும் மாவட்டத்தில், மஞ்சள் ஆற்றுக்கு வடக்கே சென்ஜியாகோ என்னும் கிராமம் உள்ளது. 'சென் குடும்பத்தாரின் பள்ளம்' என்பது அதன் பொருள். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், போரினால் ஆட்கள் அற்றுப்போன பகுதிகளுக்கு மிங் அரசு வேறு மாகாணங்களிலிருந்து குடும்பங்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டு சென்று குடியேற்றியது. அவ்வாறு ஷான்சி மாகாணத்திலிருந்து பெயர்ந்து வந்தவரே இக்குடும்பத்தின் முதல்வரான சென் பூ என்று அவர்களுடைய குடும்ப வரலாறு கூறுகிறது. சொந்த ஊரை விட்டு வந்து, அந்நிய மண்ணைப் பண்படுத்தி, கொள்ளையரிடமிருந்து விளைச்சலைக் காத்து வாழவேண்டிய நிலையில் அக்குடும்பத்தார் சண்டைக்கலையைப் பழகினார்கள்.

அவருடைய ஒன்பதாம் தலைமுறையில் வந்தவர் சென் வாங்திங். இவர் 17ஆம் நூற்றாண்டில் மிங் அரசின் படையில் பணியாற்றியவர். 1644இல் அந்த அரசு வீழ்ந்தபின் கிராமத்தோடு ஒதுங்கி வாழ்ந்தார். வேலைக்காலத்தில் வயலையும் ஓய்வுக்காலத்தில் பயிற்சியையும் கவனித்து, பழைய சண்டை முறைகளோடு மூச்சுப் பயிற்சியையும் இணைத்து ஒரு புதிய ஒழுங்கை இவர் வகுத்தார் என்பது சென் குடும்பத்தாரின் மரபு. வேறு சில பிரிவினர் மலைத்துறவி ஒருவரைத் தோற்றுநராகச் சொல்வர். எனினும் இக்கலை பல தலைமுறைகளாக இந்தக் கமக்காரக் கிராமத்தில் வளர்ந்தது என்பதில் ஐயமில்லை.

கிராமத்துக்கு வெளியே இதைக் கொண்டு சென்றவர் யாங் லூசான் (1799–1872). ஏழைக் குடும்பத்தில் பிறந்த இவர் சென் குடும்பத்தாரிடம் பல ஆண்டுகள் பயின்று, பின்னர் பீஜிங் நகரில் கற்பித்தார். இவருடைய பேரன் யாங் செங்ஃபூ (1883–1936) பாய்ச்சல்களையும் வேகமான அடிகளையும் குறைத்து, நோயாளரும் முதியோரும் செய்யக்கூடிய மெதுவான ஒழுங்கைப் பரப்பினார். 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை 24 அசைவுகள் கொண்ட சுருக்கமான முறையை வெளியிட்டது. இன்று பூங்காக்களில் விடியற்காலையில் பெரும்பாலும் காணப்படுவது இதுவே. 2020 டிசெம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் தாய்ச்சியை மனித குலத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

காஞ்சிபுரத்துப் போதிதருமர்தாம் சீனருக்குச் சண்டைக்கலை கற்பித்தார் என்று எம்மவர் பலர் சொல்வதுண்டு. 2011இல் வந்த திரைப்படம் ஒன்றும் இக்கதையைப் பரப்பியது. போதிதருமரை உடற்பயிற்சியோடு இணைக்கும் சீன நூல் அவர் காலத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், 17ஆம் நூற்றாண்டிலேயே தோன்றியது. ஆகவே அதை வரலாறாகக் கொள்ள முடியாது. ஒரு கலையை நாம் பயன்படுத்துவதற்கு அது எம்முடையதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மிளகாயும் மரவள்ளியும் வேற்று நாட்டிலிருந்து வந்தவைதாம். எமது தோட்டத்தில் அவை நன்றாகவே விளைகின்றன.

"கமக்காரனுக்கு என்னத்துக்கு எக்சசைஸ்?"

இப்பயிற்சியைப் பற்றிப் பேசும் இடமெல்லாம் எழும் முதற்கேள்வி இதுதான். "சுவாமி, நாங்கள் மண்வெட்டி பிடிச்ச ஆக்கள். எங்களுக்கு என்னத்துக்கு எக்சசைஸ்? அது கந்தோரில இருக்கிறவைக்கு" என்று பெரியவர்கள் சிரிப்பார்கள். கேள்வி நியாயமானது. ஆகவே விளக்கமாகப் பார்ப்போம்.

மண்வெட்டி வேலை, நாற்று நடுதல், களை பிடுங்கல், மூட்டை தூக்கல் ஆகிய எல்லாவற்றிலும் நாரி முன்னுக்கு வளைகிறது. ஒரு பக்கக் கையும் தோளும் மற்றதைவிடக் கூடுதலாக உழைக்கின்றன. முப்பது வருடம் இப்படி உழைத்த உடம்பு பலமுடையதுதான். ஆனால் அது சமநிலையான உடம்பு அல்ல. தாய்ச்சியில் முதுகெலும்பு நிமிர்ந்திருக்கிறது. வலமும் இடமும் ஒரே அளவில் வேலை செய்கின்றன. உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மிக மெதுவாக மாற்றும்போது தொடைத் தசைகள் உறுதியடைகின்றன. தொடை உறுதியானால் முழங்காலுக்கும் நாரிக்கும் சுமை குறைகிறது.

அடுத்தது நரம்புகளின் வேலை. ஆபத்து வரும்போது பரிவு நரம்புத் தொகுதி விழித்துக்கொள்கிறது. அதிரினலின் சுரக்கிறது. நெஞ்சு வேகமாக அடிக்கிறது, மூச்சு மேலெழுந்து குறுகுகிறது, தோளும் தாடையும் இறுகுகின்றன. ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ இது தேவை. ஆபத்து நீங்கியதும் பரபரிவு நரம்புத் தொகுதி உடம்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஆனால் மாதக்கணக்காக, வருடக்கணக்காக ஆபத்தில் வாழ்ந்த உடம்பு இறங்கி வர மறந்துவிடுகிறது. கதவு தட்டும் சத்தத்துக்கும், வானத்தில் போகும் விமானத்துக்கும் அது இன்னும் பதறுகிறது. இது கோழைத்தனமும் அல்ல, பைத்தியமும் அல்ல. தன் வேலையை நிறுத்தத் தெரியாத காவற்காரனைப் போன்றது இந்த உடம்பு.

அந்தக் காவற்காரனுக்கு வாயால் சொல்லி விளங்க வைக்க முடியாது. "பயப்படாதே" என்று ஆயிரம் தடவை சொன்னாலும் நெஞ்சு கேட்பதில்லை. ஆனால் மூச்சின் மூலம் அதனோடு பேசலாம். மூச்சை ஆறுதலாக, நீளமாக வெளியே விடும்போது பரபரிவு நரம்பு இதயத் துடிப்பைக் குறைக்கிறது. மெதுவான அசைவு தசைகளின் இறுக்கத்தை அவிழ்க்கிறது. கையும் காலும் எங்கே போகின்றன என்று மனம் பார்த்துக்கொண்டிருக்கும் வேளையில் பழைய யோசனைகளுக்கு இடம் குறைகிறது. மூச்சு, அசைவு, கவனம் மூன்றும் ஒன்றுசேர்வதாலேயே தாய்ச்சியை 'அசையும் தியானம்' என்பர்.

எமது நாட்டில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற மனநல மருத்துவர்கள், போரால் பாதிக்கப்பட்டோருக்கு மூச்சுப் பயிற்சி, தசைத் தளர்வுப் பயிற்சி, அவரவர் சமயத்துக்கு ஏற்ற செபம் அல்லது மந்திர உச்சாடனம் என்பவற்றைப் பயன்படுத்தி வந்துள்ளனர். தாய்ச்சியும் அதே வழியில் செல்லும் ஒரு முறையே.

ஆய்வுகளும் உள்ளன. 1996இல் அமெரிக்காவின் அற்லான்ரா நகரில் 70 வயதும் அதற்கு மேலும் உடைய 200 பேரிடையே செய்த ஆய்வு ஒன்று வெளியாயிற்று. 15 கிழமைகள் தாய்ச்சி பழகியவர்களிடையே திரும்பத் திரும்ப விழும் ஆபத்து 47.5 வீதம் குறைந்திருந்தது. 2016இல் பொஸ்ரன் நகரில் முழங்கால் மூட்டுத் தேய்வு உள்ள 204 பேரிடம் செய்த ஆய்வில், கிழமைக்கு இரண்டு தடவையாக 12 கிழமைகள் தாய்ச்சி செய்தவர்களும், வழமையான இயன்மருத்துவம் பெற்றவர்களும் ஒரே அளவில் நோக்குறைவு கண்டனர். இயன்மருத்துவரிடம் போக பஸ் காசும் நேரமும் இல்லாத எமது முதியோருக்கு இது நல்ல செய்தியே.

செய்முறை: ஆறு அசைவுகள்

முழுத் தாய்ச்சியை ஆசிரியர் இல்லாமல் எழுத்தில் கற்க இயலாது. ஆயினும் அதன் அடிப்படையான சில அசைவுகளை நாமே பழகலாம். காலை வேளை நல்லது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது கழிந்திருக்க வேண்டும். நிலம் மட்டமாக இருக்கட்டும். வெறுங்காலோடு செய்யலாம். சாரமோ சேலையோ கால்களைத் தடுக்காதபடி கட்டிக்கொள்ளுங்கள். கண்களை மூட வேண்டாம். கண்ணை மூடினால் பழைய காட்சிகள் வருபவர்கள் எம்மிடையே உள்ளனர். பார்வை எதிரே தூரத்தில் இருக்கட்டும்.

1. நிற்றல். கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, விரல்கள் முன்னோக்க நில்லுங்கள். முழங்காலை விறைப்பாக வைக்காமல் சற்றே தளர்த்துங்கள். உயரமான வாங்கின் விளிம்பில் இருக்கப் போகிறவர் போல இடுப்பைச் சற்று இறக்குங்கள். உச்சந்தலையை யாரோ நூலால் மேலே பிடித்திருப்பது போல நிமிருங்கள். தோள்களை விழ விடுங்கள். மூக்கால் மூச்சை எடுத்து மூக்கால் விடுங்கள். நெஞ்சு உயராமல் வயிறு மெல்ல அசையட்டும். இரண்டு நிமிடம் இப்படி நில்லுங்கள்.

2. பாரம் மாற்றல். அதே நிலையில் நின்று, உடம்பின் பாரத்தை மெதுவாக இடது காலுக்குக் கொண்டு செல்லுங்கள். இப்போது இடது கால் நிறைந்த கால், வலது கால் வெறுமையான கால். வலது காலைத் தூக்கினாலும் விழமாட்டோம் என்று உணரும் வரை மாற்றுங்கள். பின்னர் மெதுவாக வலப்பக்கம் வாருங்கள். நிறைந்த வாளியிலிருந்து வெறும் வாளிக்குத் தண்ணீரைச் சிந்தாமல் ஊற்றுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். பக்கத்துக்குப் பத்துத் தடவை செய்யுங்கள்.

3. கைகளை உயர்த்தலும் தாழ்த்தலும். மூச்சை எடுத்துக்கொண்டே இரண்டு கைகளையும் முன்புறமாகத் தோள் உயரத்துக்கு உயர்த்துங்கள். மணிக்கட்டு முதலில் எழும்பட்டும். முழங்கை தளர்ந்திருக்கட்டும். மூச்சை விட்டுக்கொண்டே, முழங்காலைச் சிறிது மடித்து, உள்ளங்கைகளால் தண்ணீரில் மிதக்கும் பலகையை அமுக்குவது போலக் கைகளைத் தொப்புள் மட்டத்துக்கு இறக்குங்கள். எட்டுத் தடவை செய்யுங்கள்.

4. மேகக்கைகள். இடது கை முகத்துக்கு எதிரே, உள்ளங்கை தன்னை நோக்கியபடி இருக்கட்டும். வலது கை தொப்புளுக்கு எதிரே இருக்கட்டும். பாரத்தை இடது காலுக்கு மாற்றிக்கொண்டே இடுப்பை இடப்பக்கம் திருப்புங்கள். கைகள் இடுப்போடு கூடவே போகும். இடக்கோடிக்குப் போனதும் இடது கை கீழே இறங்க, வலது கை மேலே எழும்பும். இப்போது பாரத்தை வலது காலுக்கு மாற்றி வலப்பக்கம் திரும்புங்கள். வானத்தில் மேகம் போவது போல இடையில் நிற்காமல் தொடருங்கள். கையால் திரும்பக் கூடாது, இடுப்பால் திரும்ப வேண்டும். முழங்காலை முறுக்கக் கூடாது. பக்கத்துக்கு எட்டுத் தடவை செய்யுங்கள்.

5. வரம்பு நடை. மழைக்குப் பின் வழுக்கும் வரம்பில் நாம் எப்படி நடப்போம்? ஒரு காலில் முழுப் பாரத்தையும் வைத்து, மற்றக் காலை முன்னே வைத்து, நிலம் தாங்குமா என்று பார்த்த பின்பே பாரத்தைக் கொடுப்போம். தாய்ச்சியின் நடையும் இதுவே. முதலில் குதிக்கால், பின் முழுப் பாதம், அதன் பின்னரே பாரம். பத்து அடி முன்னே நடந்து, திரும்பி வாருங்கள். சேற்றில் நடந்து பழகிய எமது பெரியவர்கள் இதை இளையோரைவிட விரைவில் பிடித்துக்கொள்வார்கள்.

6. முடித்தல். மீண்டும் முதல் நிலையில் நின்று, இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வயிற்றில் வையுங்கள். மூச்சைக் கவனித்தபடி ஒரு நிமிடம் நில்லுங்கள். உடனே ஓடிப்போக வேண்டாம்.

எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 15 நிமிடங்களே. முதற் கிழமையில் 1, 2, 6ஆம் அசைவுகளை மட்டும் செய்யுங்கள். இரண்டாம் கிழமையில் 3ஐயும், மூன்றாம் கிழமையில் 4ஐயும், நான்காம் கிழமையில் 5ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். முழுப் பலத்தையும் செலவழிக்காமல், இயலுமானதில் மூன்றில் இரண்டு பங்கோடு நிறுத்துங்கள்.

கவனிக்க வேண்டியவை

மூச்சை அடக்க வேண்டாம். முழங்கால் காற்பெருவிரலைத் தாண்டி முன்னே போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். முழங்காலிலோ நாரியிலோ கூரிய நோ வந்தால் மடிப்பைக் குறையுங்கள். குறையாவிட்டால் நிறுத்துங்கள். தலைச்சுற்று வந்தால் இருந்துவிடுங்கள். நிற்க இயலாதவர்களும், செயற்கைக் கால் அணிந்தவர்களும், கர்ப்பிணித் தாய்மாரும் கதிரையில் நிமிர்ந்திருந்து 3ஆம், 4ஆம் அசைவுகளைச் செய்யலாம். இதயநோய் உள்ளவர்கள், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள், உடம்பில் குண்டுச் சிதறல் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். பிறசருக்கும் சலரோகத்துக்கும் எடுக்கும் குளிசைகளை இதற்காக நிறுத்தக் கூடாது.

பயிற்சி செய்யும்போது திடீரென அழுகை வரலாம். இறுக்கம் தளரும்போது அப்படி நடப்பதுண்டு. அழட்டும். பக்கத்தில் ஒருவர் பேசாமல் நின்றால் போதும். ஆனால் பல கிழமைகளாக உறக்கமில்லாதவர், சாப்பிட மறுப்பவர், "இனி இருந்து என்ன" என்று சொல்பவர் ஆகியோரைப் பயிற்சிக்கு மட்டும் அழைத்து வந்து விட்டுவிடக் கூடாது. மாவட்ட ஆசுபத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். 1926 என்னும் தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் பேசலாம். அப்படிச் சொல்பவரைத் தனியே விடாதிருப்பது அயலவரின் கடமை.

கூடிச் செய்தல்

தனியே தொடங்கியவர் மூன்றாம் நாள் விட்டுவிடுவார். ஐந்து பேர் சேர்ந்தால் ஒருவரையொருவர் இழுத்துக்கொள்வர். அன்பியக் குழு, மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு, இளைஞர் மன்றம் எதுவாயினும் கிழமைக்கு மூன்று நாளை ஒதுக்கலாம். பெண்களுக்கு மறைவான இடம் வேண்டும். ஆலய மண்டபமோ முன்பள்ளியோ அதற்கு உதவும். தண்ணீர் அள்ளும் நேரமும் சமையல் நேரமும் அவர்களுக்குத்தான் தெரியும். ஆகவே நேரத்தை அவர்களே தீர்மானிக்கட்டும். பாட்டன் செய்வதைப் பார்த்துப் பிள்ளைகளும் பின்னால் நின்று செய்வார்கள். அவர்களைத் துரத்த வேண்டாம். நாள் முழுவதும் அதட்டும் குரலையே கேட்ட பிள்ளைக்கு, பெரியவர்கள் அமைதியாக அசைவதைப் பார்ப்பதே ஒரு மருந்து.

ஒரு கொப்பியில் ஒவ்வொருவரும் கிழமைக்கொருமுறை மூன்று விடயங்களைக் குறிக்கலாம்: எத்தனை இரவு நன்றாக உறங்கினேன், நோ கூடியதா குறைந்ததா, எத்தனை தடவை கை ஓங்கினேன். எட்டுக் கிழமை கழிந்து திரும்பிப் பாருங்கள். பயன் உண்டா இல்லையா என்பதை அந்தக் கொப்பியே சொல்லும்.

எமது விசுவாசமும் இப்பயிற்சியும்

"இது வேற்று மதக் காரியம் அல்லவா?" என்று சிலர் கேட்பர். தாய்ச்சிக்கு தாவோ மரபின் சிந்தனையோடு உறவு உண்டு என்பது உண்மை. பிற சமயங்களிலுள்ள நல்லவற்றை மதிக்குமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் எம்மைக் கேட்டுக்கொண்டது. 1989 ஒக்ரோபரில் விசுவாசக் கோட்பாட்டுச் சபை கிறிஸ்தவ தியானம் பற்றி ஆயர்களுக்கு எழுதிய மடலிலும் இவ்விடயம் ஆராயப்பட்டது. உடலின் நிலையும் மூச்சும் செபத்துக்கு உதவலாம். ஆனால் உடற்பயிற்சியால் வரும் சுகத்தையே தூய ஆவியின் ஆறுதல் என்று எண்ணி ஏமாறக் கூடாது. இதுவே அம்மடலின் சாரம். ஆகவே நாம் இதை உடற்பயிற்சியாகவே செய்கின்றோம். அமைதியடைந்த மனத்தோடு பின்னர் செபிக்கலாம். சைவக் குடும்பத்தவர் தமது முறையில் வழிபடலாம்.

விவிலியத்தில் எலியா இறைவாக்கினரைப் பாருங்கள். அரசி ஈசபேல் உயிரைத் தேட, அவர் ஊரை விட்டு ஓடினார். பாலைநிலத்தில் சூரைச்செடியின் கீழ் விழுந்து, சாவைக் கேட்டார். கடவுளின் தூதர் வந்து அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. உறங்க விட்டார். தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மீண்டும் உறங்க விட்டார். மீண்டும் எழுப்பி உண்ணச் செய்தார். அதன் பின்னரே நீண்ட பயணமும், மலையில் மெல்லிய குரலும். நம்பிக்கை இழந்த மனிதனின் உடம்பைக் கடவுள் முதலில் கவனித்தார். தம் உடம்பைக் கவனிப்பது பாவமோ சுயநலமோ என்று தயங்கும் தாய்மாருக்கு இது போதிய விடை.

அமைதி வேறு, அடங்கிப்போதல் வேறு

இன்னொரு கேள்வி மிகவும் பாரதூரமானது. "காணியை எடுத்துப்போட்டு, கையை ஆட்டி அமைதியாய் இருங்கோ எண்டு சொல்லுறியளோ?" என்று ஒரு தாய் கேட்டால் நாம் என்ன சொல்வோம்?

தாய்ச்சியில் 'கை தள்ளல்' என்னும் இருவர் பயிற்சி உண்டு. இருவர் எதிரெதிரே நின்று கைகளைத் தொட்டபடி ஒருவரையொருவர் மெல்லத் தள்ளுவர். தள்ளுபவரைப் பலத்தால் எதிர்த்தால் இருவரும் இறுகி, பலவீனமானவர் விழுவார். ஆகவே கற்றவர் தள்ளும் பலத்துக்குக் கையையும் இடுப்பையும் விட்டுக்கொடுத்து, அதைப் பக்கமாகத் திருப்பி விடுவார். ஆனால் அவருடைய பாதம் நிலத்தை விட்டு அசையாது. பாதம் அசைந்தால் அவர் தோற்றவர்.

தண்ணீர்க் குழாயடியில், நிவாரண வரிசையில், நெருக்கமான கொட்டில்களில் வரும் சண்டைகளுக்கு விட்டுக்கொடுக்கும் கை வேண்டும். உரிமைக்கு அசையாத பாதம் வேண்டும். உறக்கமில்லாமல், பதறிய நெஞ்சோடு, கசிப்பு மணத்தோடு அலுவலகத்துக்குப் போகும் மனிதன் ஒரு கேள்விக்குச் சினந்து பேசி, தன் கோப்பைத் தானே பின்தள்ளிவிடுகிறான். நன்றாக உறங்கி, காணி உறுதியின் அல்லது அனுமதிப்பத்திரத்தின் பிரதியைக் கையில் வைத்து, எட்டாவது தடவையும் அதே கேள்வியை அமைதியாகக் கேட்கும் மனிதனை அனுப்பிவிடுவது கடினம். காணிக்குப் பதிலாக நாம் இப்பயிற்சியைத் தரவில்லை. காணி கிடைக்கும் நாளில் மண்வெட்டி பிடிக்க உடம்பு இருக்க வேண்டும், அதுவரை கேட்டுக்கொண்டிருக்க மூச்சு இருக்க வேண்டும் என்பதற்காகவே தருகின்றோம்.

நாளை விடியற்காலையில் முதலாவது அசைவை மட்டும் செய்து பாருங்கள். இரண்டு நிமிடம் நிமிர்ந்து நிற்பதுதான் தொடக்கம்.

கலந்துரையாடலுக்கு

1. இடம்பெயர முன் எமது நாள் எப்படிக் கழிந்தது? இன்று எப்படிக் கழிகிறது? உடம்பில் என்ன மாற்றம் காண்கிறோம்?

2. எமது குடும்பத்தில் உறக்கமின்மையும் சினமும் யாரை அதிகம் பாதிக்கின்றன?

3. பெண்களும் முதியோரும் பயிற்சி செய்ய எமது இடத்தில் எந்த வேளை, எந்த மண்டபம் பொருத்தம்? அதை ஒழுங்குசெய்யப் பொறுப்பெடுப்பவர் யார்?

4. விட்டுக்கொடுக்க வேண்டியவை எவை, விட்டுக்கொடுக்கக் கூடாதவை எவை? காணிப் பத்திரங்களின் பிரதிகள் ஒவ்வொரு குடும்பத்திடமும் உள்ளனவா?